அவள் கடைக்கு மட்டும் ட்ரிப் சுவிட்ச்

நவம்பர் 5, செவ்வாய்

விடிய முதலே மழை. சோற்றுப் பார்சலுக்கு வாழையிலை வாட்டவே நேரம் போய்விட்டது. வாங்க: பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்.

இவர் இன்றும் வயரிங் வேலைக்கு மா.வின் கடைக்குத்தான் போனார். (முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.) உள்துறைமுகப் பக்கம், சுற்றுலாப் படகுகளின் கூரைக்குப் படங்குத் துணி தைக்கிற கடை. அவளுடைய புருஷன் வெளிநாட்டில். பிளக்குகள் எல்லாம் அவள் தகப்பன் காலத்தவை. மரப்பலகையில் பியூஸ் கட்டை, எர்த் இல்லை. இரண்டு நாள் வேலை என்று இவர் சொல்லிப் போய், இது இரண்டாவது கிழமை.

சாப்பிடும்போதும் அதே கதை. "ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி ட்ரிப் சுவிட்ச் போடுறன். கறண்ட் கசிஞ்சா உடன விழும். ஒரு மெசின் பழுதெண்டா அது மட்டும் நிக்கும், மற்றதெல்லாம் ஓடும். அவவுக்குக் கறண்ட் அடிச்சா என்ன செய்யிறது?"

அவவுக்கு! எனக்கு அடித்தால்? எங்கள் பிரிட்ஜைத் தொட்டாலே சுள்ளென்று கையில் ஏறும். அதற்காகவே முன்னால் ஒரு சோடி ரப்பர் செருப்பு. பார்சல் வேலைக்கு நாள் முழுக்கத் திறந்து மூடுகிறவள் நான். எத்தனையோ வருடமாகச் சொல்லியாயிற்று. "செருப்பைப் போட்டிட்டுத் திறவுமன்" என்பார். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி.

நவம்பர் 6, புதன்

மழை விட்டுப் புழுக்கம். கருவாட்டைப் பூனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இவர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனார். சுவர் துளைக்கப் புதுச் சேட்டு!

எதிர்வீட்டு ராணியக்கா படலையடியில் யாரிடமோ: "அங்க வேலை முடியாது. முடிக்க மனம் வரோணுமே." என்னைக் கண்டதும் பேச்சு மீன் விலைக்குத் தாவியது. சிரித்துவிட்டு வந்தேன். பொறாமை என்று எழுத வெட்கம், ஆனால் அதுதான்.

நவம்பர் 7, வியாழன்

ஓர்ஸ் ஹில் கந்தோர் ஆட்களுக்கு மத்தியானப் பார்சல் கொடுத்துவிட்டு நேரே மா.வின் கடைக்கு. இவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன் என்று ஒரு சாட்டு.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், துணி ஊத்தையாகுமாம். இவர் ஏணியில், சுவரைப் பார்த்தபடி. மா. மெலிந்த பெண், கழுத்தில் அளவு நாடா. அழகிதான், பொய் சொல்லக்கூடாது. "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. தரை ஈரம். வெறுங்காலோடு நின்று தையல் மெசினின் இரும்பில் கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான். அடுத்ததிலும் வைத்தேன். அதிலும் இல்லை.

"முந்தி எல்லாம் அடிக்கும் அக்கா. பயந்து பயந்துதான் தைக்கிறனாங்கள். இங்க தைக்கிற ஒரு பிள்ளைக்கு நல்லா அடிச்சுப்போட்டுது. அதுக்குப் பிறகு, ஒவ்வொரு பிளக்கையும் எனக்கு முன்னால டெஸ்ட் பண்ணிக் காட்டினாத்தான் மெசின் போடுவன் எண்டு அண்ணையிட்டச் சொல்லிப்போட்டன். அதாலதான் இவ்வளவு நாள். அண்ணைக்கு என்னில கோவம்."

அண்ணை! நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது. ஓட்டோவில் வீடு திரும்பும்போது மறுபடி எரிந்தது. அவள் ஒரு தரம் சொன்னாள், நடந்தது. இப்போது என் பொறாமை இவரை வைத்து இல்லை. வெறுங்காலில் நின்று இரும்பைத் தொடுகிறாளே, அதில்.

நவம்பர் 8, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை.

"இஞ்சேருங்கோ, எங்கட வீட்டுக்கு எப்ப ட்ரிப் போடுவியள்?"

"எர்த் அடிக்கோணும், வயரெல்லாம் பழசு. இப்ப ஏலாது. பிறகு பாப்பம்."

மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பிறகாம். ஹாட்வெயார் கடைக்குப் போன் எடுத்து, கிண்ணியா ரமீஸ் தம்பியின் நம்பர் வாங்கினேன். அவரும் வயரிங் வேலைதான். இவருக்குக் கண்ணில் காட்டக்கூடாத ஆள். 'ஒரு ஸ்க்ரூ ஒழுங்கா இறுக்கத் தெரியாதவன்' என்பார். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

நவம்பர் 9, சனி

வெயில். மா. கடையில் இவருக்குக் கடைசி நாள். ரமீஸ் வந்தார். கிணற்றடிப் பக்கம் எர்த் கம்பி அடித்தார். பியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும். மெயினைப் போட்டதும் ட்ரிப் விழுந்தது.

"உங்கட பிரிட்ஜ்தான் அக்கா. பின்னால வயர் உரிஞ்சு கிடக்கு. அண்ணை பாக்கேல்லையோ?"

வயரை மாற்றினார். செருப்பில்லாமல் பிரிட்ஜின் பிடியைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. அழுகை வந்துவிட்டது, குசினிக்குள் போய்விட்டேன்.

பின்னேரம் இவர் வந்தார். சுவரில் புதுப் பெட்டி.

"ஆர் போட்டது?"

சொன்னேன். சேட்டைக் கூடக் கழற்றவில்லை. மெயினை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மூடியைப் பூட்டி, மெயினைப் போட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்தினார். ட்ரிப் டக்கென்று விழுந்தது, ஃபேன் நின்றது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"அவனுக்குத் தேத்தண்ணி குடுத்தனீரோ?"

"ஓம். ரெண்டு தரம்."

உண்மையில் ஒரு தரம்தான்.