நாற்றுப் பண்ணையின் பழைய பிரவுசர்

ஜூன் 9, திங்கள்

அனுமந்தன்பட்டி நாற்றுப் பண்ணையிலிருந்து மறுபடியும் புகார். தக்காளி, மிளகாய் நாற்று கேட்டு விவசாயிகள் போன் செய்தால் பதிவு போட ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். அங்கே இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் அது கன்னாபின்னாவென்று தெரிகிறது. பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, பொத்தான்களில் எழுத்தே இல்லை. போன வருஷமே சொன்னார்கள். நான்தான் இழுத்தடித்தேன்.

பிரவுசரைப் புதுசாக்கலாமே என்றேன். முதலாளி கர்ணன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் தொட்றாதீக. லேபிள் அடிக்கிற மெஷின் அந்தக் கம்ப்யூட்டர்லதான் ஓடும். நீங்க உங்க வேலைய சரிபண்ணுங்க இவாஞ்சலின்." நியாயம்தான்.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளாக மல்லுக்கட்டு. புது முறையில் எழுதிய எதுவும் அந்தப் பிரவுசருக்குப் புரியாது. கடைசியில் எல்லாவற்றையும் பழைய மாதிரி கட்டம் கட்டமாக எழுதினேன். பெட்டிகள் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. மேலும் கீழுமாகக் கிடந்த பதிவு, ரத்து பொத்தான்கள் இரண்டும் இப்போது ஒரே வரிசையில், எழுத்தோடு. தேனியில் வீட்டிலிருந்தே ஏற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. திறந்து பார்த்து அசந்து போகட்டும்!

ஜூன் 13

போன் இல்லை. புகார் வராவிட்டால் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 16, திங்கள்

கர்ணன் அண்ணன் போன். கோம்பை வேல்பாண்டி எட்டாயிரம் மிளகாய் நாற்றுக்கு வேன் கொண்டு வந்திருக்கிறார். பதிவில் பெயரே இல்லை. "உழுது, தண்ணி பாச்சி, நடவுக்கு ஆளும் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று கத்தினாராம். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். வியாழனுக்குப் பிறகு ஆபீசில் போட்ட ஒரு பதிவும் இல்லை.

"பிச்சையம்மாவுக்குக் கம்ப்யூட்டர் சரிப்படல. சனிக்கிழமையோட நிப்பாட்டிட்டு வேற பிள்ளைய வைக்கப்போறேன்" என்றார். பிச்சையம்மாள் அக்காதான் நாலு வருஷமாக அங்கே போன் எடுப்பவர்.

வியாழன். நான் மாற்றி ஏற்றிய நாள். அதை ஏன் சொல்லவில்லை? என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது — அதுதான், வேறென்ன. ச்சே.

ஜூன் 17, செவ்வாய்

தூக்கமே இல்லை. காலையில் பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போய்விட்டேன்.

அக்காவிடம் ஒரு பதிவு போட்டுக் காட்டச் சொன்னேன். பேர், ஊர், நாற்று, தேதி — அக்கா என்னைவிட வேகம். அடித்து முடிப்பதற்குள் அடுத்த போன் அடித்தது. கண் அங்கே போய்விட்டது. கை மட்டும் மவுஸை நகர்த்தி, திரையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுக்கு நேராக வைத்து அழுத்தியது.

"இது என்னக்கா பொட்டு?"

"பட்டன்ல எழுத்தே தெரியாதுல்ல பாப்பா. அங்கன அமுக்கினா பதிவாகும்னு கண்டுபிடிச்சு ஒட்டி வச்சேன். ஒரு வருசமா அப்படித்தான்."

பொட்டுக்கு நேராக இப்போது இருப்பது ரத்து. எதை அழுத்தினாலும் ஒரே முதல் பக்கத்துக்குத்தான் திரும்பும், வித்தியாசம் தெரியாது. அதுவும் என் கைவேலை.

சொன்னேன். அக்கா பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "வேல்பாண்டி அண்ணன் அம்புட்டுப் பேருக்கு முன்னால வைஞ்சாக. நானும் என் தப்புன்னுதான் நெனச்சேன்." அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

நேராகக் கர்ணன் அண்ணனிடம் போய், தப்பு அக்கா மேல் இல்லை, என் மேல் என்றேன். "மாத்துறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கலாம்.

பதிவுப் பொத்தானைப் பொட்டுக்கு நேராகக் கொண்டுவந்தேன். பிறகு நானும் அக்காவும் உட்கார்ந்து, வியாழன் முதல் வந்த நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம். பதினொரு பதிவுகள் விட்டுப்போயிருந்தன. வேல்பாண்டிக்கு வேறொரு பண்ணையில் சொல்லி நாற்று வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜூன் 21, சனி

அக்காவை நிறுத்தவில்லை. என் ஒப்பந்தம் பற்றிப் பேச்சே இல்லை.

ஜூலை 7, திங்கள்

ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை: பிச்சையம்மாள் சரி என்று சொல்லாமல் எதையும் மாற்றக் கூடாது.

இன்று போன் செய்தேன். "அக்கா, அந்தத் தேதிப் பெட்டிய ஒரு வரி மேல ஏத்தவா?"

"எதுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கு அழகாகத் தெரியும் என்பதைத் தவிர ஒரு காரணமும் இல்லை.

ஏற்றவில்லை.