சுபஸ்ரீயின் ரத்தம்

2025 பிப்ரவரி 18

சுபஸ்ரீக்கு இன்று ஆறாவது பிறந்தநாள். அவள் அப்பா பொன்னேரியிலிருந்து கேக் வாங்கி வந்தார். கூடப் போன என் கொழுந்தன் ரஞ்சித், வழியிலேயே ஒரு மூலையைத் தின்றுவிட்டான். அவன் பெண்டாட்டி பானுப்ரியா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினாள். கல்யாணமாகி ஏழு மாதம்தான். அதற்குள் எங்கள் எல்லோரையும் அதட்டுகிறாள். நாளை விடிகாலை அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போகிறார்கள்.

பிப்ரவரி 20

இன்னும் திரும்பவில்லை. முகத்துவாரத்துக்கு வடக்கே நம் ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்ததாம்.

மார்ச் 3

ஆந்திரா பக்கம் உடல் ஒதுங்கியிருக்கிறது. ஒன்றுதான்.

மாமியார் கஸ்தூரியம்மாள், பானு, நான் மூவரும் போனோம். முகம் இல்லை. மீன் — வேண்டாம், எழுதமாட்டேன். அரைக்கால் சட்டை நம் வீட்டுடையதுதான். ஆனால் அதை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். உயரமும் ஏறக்குறைய ஒன்று.

"எம்புள்ளதான் சார்," என்றார் மாமியார்.

"எந்தப் புள்ளம்மா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

மாமியார் என்னையும் பானுவையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை என் கையைப் பிடித்திருந்த பானு மெல்ல விட்டுவிட்டாள்.

மார்ச் 11

மாமியாருக்கும் எனக்கும் சுபஸ்ரீக்கும் ரத்தம் எடுத்தார்கள். உடலிலிருந்து ஒரு பல்லும் தொடை எலும்பில் ஒரு துண்டும் எடுத்திருக்கிறார்களாம்.

ஆய்வகத்திலிருந்து வந்த பெண் பொறுமையாகச் சொன்னார். டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்கள்; ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. இப்படி இருபது இடங்களைப் பார்ப்பார்களாம்.

"அத்த ரத்தமே போதாதா?" என்று கேட்டேன்.

"அது அவங்க மகன்னு மட்டும்தாம்மா சொல்லும். எந்த மகன்னு சொல்லாது. உங்க பாப்பாவோட எண்கள்ல நீங்க குடுத்ததக் கழிச்சா, மீதி அவங்க அப்பாவோடது. அது எல்லா இடத்துலயும் அந்த உடம்புல இருந்தா அப்பா. சித்தப்பான்னா பல இடத்துல இருக்கும், சில இடத்துல இருக்காது."

பானுவுக்குக் குழந்தை இல்லை. அவளிடம் எடுக்க எதுவுமில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 12

அவராக இருக்கக் கூடாது, அவராக இருக்கக் கூடாதுன்னு நாள் பூரா வேண்டிக்கினு இருக்கேன். அப்படின்னா யாரா இருக்கணும்? நான் இன்னா பொம்பள?

மார்ச் 29

பதினெட்டு நாளாக நானும் பானுவும் சரியாகப் பேசவில்லை. இன்று மீன் கழுவும்போது அவளே கேட்டாள்.

"அக்கா, நீ இன்னான்னு வேண்டிக்கிற?"

"நீ வேண்டிக்கிறதுதான்."

"ரெண்டு பேரும் ஒரே சாமிகிட்ட போனா அது இன்னாதான் பண்ணும்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுதோம்.

ஏப்ரல் 22

முடிவு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் படித்துச் சொன்னார். இறந்தவர் கஸ்தூரியம்மாளின் மகன்தான். ஆனால் சுபஸ்ரீயோடு ஏழு இடங்களில் பொருந்தவில்லை. அவள் அப்பா இல்லை.

ரஞ்சித்.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நொடியில் பானு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 24

ரஞ்சித்தை அடக்கம் செய்தோம். பானு சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றப் போனவள் நான். அவள் அழ ஒரு பெட்டி இருக்கிறதே என்று பொறாமையும் பட்டேன். இதை யாரிடம் சொல்ல?

ஏப்ரல் 25

பானுவிடமே சொன்னேன். அன்றைக்குச் சந்தோஷப்பட்டதையும் சேர்த்து.

"பாத்தேங்க்கா," என்றாள். "மாறி வந்திருந்தா என் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும்."

ஜூன் 8

பானுவைக் கூட்டிப்போக அவள் அம்மா இந்திராணி சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்தார். பையெல்லாம் கட்டியாகிவிட்டது. கடைசியில் பானு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சிபோச்சும்மா. அக்காவுக்கு இன்னும் தெரியல. இப்ப எப்படி உட்டுட்டு வர்றது?"

இந்திராணி அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. மகளை ஒருமுறை கட்டிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினார்.

செப்டம்பர் 14

சுபஸ்ரீயின் எண்களை ஆய்வகத்தில் வைத்திருக்கிறார்கள். கரையில் யார் ஒதுங்கினாலும் அதோடு ஒப்பிடுவார்களாம். ஸ்டேஷனில் பானுவின் போன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். மணி அடித்தால் நான் எடுப்பதில்லை.

இன்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பானு கேட்டுவிட்டு வைத்தாள்.

"ஒதுங்கினது மாமா இல்லியாம்க்கா."

தட்டை என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டோம்.