கோட்டைச் சமையல்காரி சாகவில்லை

புத்தகம் இன்று காலை திரும்பி வந்தது. உன் மருமகள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே நீட்டினாள். கறுப்பு அட்டை, அதில் ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி வௌவால்கள். பிரித்தால் ஏலக்காய் மணக்கிறது. உன் துணி அலமாரியில் இருந்திருக்கிறது. சேலை மடிப்புக்குள் ஏலக்காய் போட்டு வைப்பவள் அல்லவா நீ. நானூறு பக்கம் ரத்தமும் இருட்டுமான நாவல், பாயசம் போல மணக்கிறது.

பெங்களூர்ப் பேத்தி என் பிறந்தநாளுக்கு அனுப்பியது அது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். எந்த ஆங்கிலம் என்பது தெரியாது. கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுத்தந்ததில் நிலவுக்கு ஒரு அடைமொழி போதும். இதை எழுதியவர் நான்கு போடுகிறார். நூறு வருடமாகச் சூரியன் உதிக்காத மலைக்கோட்டை. அதன் பிரபுவுக்கு முந்நூறு வயது; சாவும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. அவனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு பெண் போகிறாள். முதல் அத்தியாயத்திலேயே பென்சிலால் ஏழு இடத்தில் கோடு போட்டேன். ஆனாலும் மதியத் தூக்கத்தை விட்டுப் படித்தேன் என்பதை உன்னிடம் மட்டும்தான் ஒப்புக்கொண்டேன்.

நீ அப்போது இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தாய். இதயமும் பலவீனம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பழனிசெட்டிபட்டிக்கு வந்த நாள் முதல் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உன் நோன்புக் கஞ்சியில் உப்புக் குறைவு என்று இருபது வருடம் சொல்லியும் நீ திருத்திக்கொள்ளவில்லை. நானும் வாங்குவதை நிறுத்தவில்லை.

தினமும் நாலு மணிக்கு உன் கட்டிலருகே உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். நீ பயப்படுவாய் என்று நினைத்தேன். நீயோ விசாரணை நடத்தினாய். இருநூறு அறையை யார் பெருக்குவது? வெயிலே படாத தோட்டத்தில் கறுப்பு ரோஜா எப்படிப் பூக்கும்? "ஓடைப்பட்டில மூணு நாள் மேகம் போட்டாலே திராட்சக் கொடி பூராம் சாம்பல் நோய் விழுந்துரும்க்கா. எழுதுனவுக தோட்டத்துப் பக்கமே போனதில்ல போல." ஓநாய் ஊளையிட்டபோது, அதற்கு யார் சோறு வைப்பது என்றாய். திகிலுக்காக நான் குரலைத் தாழ்த்தினால், காது கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றாய்.

உனக்கு அந்தக் கதையில் பிடித்தது ஒருத்தியைத்தான். கோட்டையின் சமையல்காரி. விளக்கு எரியும் ஒரே அறை அவளுடையது. பிரபு சாப்பிடாதவன், இருந்தும் தினமும் சமைத்து மேசையில் வைக்கிறாள், ஆறியதும் எடுத்துவந்து பாத்திரம் கழுவுகிறாள். புதுப்பெண் உயிரோடிருப்பதே அவள் கஞ்சியால். "இவ ஒருத்திதான் மனுசி" என்றாய். ஓடைப்பட்டி வீட்டில், திராட்சை வெட்டும் காலத்தில் முப்பது பேருக்கு உலை வைத்தவள் நீ. நீ சாப்பிட்டாயா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை என்று ஒருமுறை, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறாய்.

பதினோராம் அத்தியாயத்தில் பிரபு அவளைக் கொன்றுவிட்டான். ஒரே வரி. அடுத்த வரியில் கையுறையைக் கழற்றிவிட்டு நிலவைப் பார்க்கிறான். நிலவுக்கு மறுபடி நான்கு அடைமொழி. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?" என்றாய்.

அவ்வளவுதான் என்றேன்.

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் காலை உன் மருமகள் வந்து, மாமி நேற்றிலிருந்து வாயில் ஒன்றும் வைக்கவில்லை, மாத்திரையையும் தள்ளிவிட்டார்கள் என்றாள். அச்சடித்த ஒரு பெண்ணுக்காகவா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. அந்த நாவலின் எந்தப் பக்கமும் தராத பயம்.

நாலு மணிக்கு வந்து, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தன, நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று, அவள் சாகவில்லை என்றேன். நீ புத்தகத்தை வாங்கி அந்த இடத்தில் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாய். புத்தம்புதுப் புத்தகம்.

"ஒட்டவே இல்லையேக்கா. ஒனக்கு இங்கிலீசு வெளங்கலேன்னு சொல்லு."

பள்ளி இறுதியில் ஆங்கிலத்துக்கு மெடல் வாங்கியவள் நான். லோயர் கேம்ப் மின்நிலையக் குடியிருப்பில் இருந்தபோது என் கணவரின் மேலதிகாரி எழுதிய கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பியவள். உன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, எனக்கு வெளங்கல" என்றேன்.

நீ கஞ்சி கேட்டாய்.

அதன்பின் அச்சிட்ட கதை ஒரு பக்கம் போயிற்று, நம் கதை ஒரு பக்கம். மிச்சமிருந்த ஒவ்வொரு அத்தியாயத்திலும் செத்தவளுக்கு வேலை தேடுவது என் தலைவலி ஆயிற்று. கடைசியில் கோட்டையில் வெயில் அடித்தது. சமையல்காரியைச் சாப்பிட உட்காரவை என்றாய். உட்காரவைத்தேன். சோறு யார் போடுவது? பிரபு என்றேன், வேறு ஆள் மிச்சமில்லை. முந்நூறு வருடம் கரண்டி பிடிக்காதவனுக்குப் பரிமாறத் தெரியுமா என்றாய். பாதியைக் கீழே சிந்தினான் என்றேன். இடுப்பு வலிக்கும் என்று உன் மருமகள் ஓடிவரும்வரை சிரித்தாய். புத்தகம் உன்னிடமே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். அந்த மாதமே போய்விட்டாய்.

சும்மா போகவில்லை. பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல், அக்காவுக்கு ஆங்கிலம் முன்னைப்போல ஓடுவதில்லை, செத்தவள் யார் பிழைத்தவள் யார் என்றே தெரிவதில்லை என்று சொல்லியிருக்கிறாய். தெரு முழுக்க நம்பிவிட்டது. என்னிடம் மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்பவர்கள், இப்போது மருந்துக்கடையிலும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் விழுங்குகிறார்கள்.

இன்றைக்குப் புத்தகத்தோடு, பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றையும் உன் மருமகள் கொண்டுவந்தாள். வரிக்கு வரி பொருள் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கடிதத்தை மடித்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீக பெரிய மாமி. எதுக்கும் அவுக கடையிலருந்து வந்ததும் ஒருக்கா காட்டிக்கிறேன்."

புத்தகம் என் கையில்தான் இருந்தது. பதினோராம் அத்தியாயம் எங்கே என்று என் விரலுக்குத் தெரியும். அந்த ஒரு வரியை அவளுக்குக் காட்டியிருந்தால் என் மெடல் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அட்டையை மூடினேன்.

"காட்டிக்க தாயி," என்றேன். "எனக்குச் சில எடம் வெளங்குறதில்ல."