முழங்கால் பிடித்துக்கொண்ட ஞாயிறு

அன்பு மகன் சைமனுக்கு, கிணத்துக்கடவிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கை சாராவும் குழந்தையும் நல்லபடியாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கும் ஒன்றும் வராமலிருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் இதைச் சொல்லத் தொடங்கினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம்.

குழந்தைக்கு டீனா என்று பெயர். அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஞானஸ்நானம், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்தும் அன்றைக்குத்தான். நீதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று சாரா ஒரே பிடியாக இருக்கிறாள். அவள் கல்யாணத்தன்று நீ குடித்துவிட்டுப் பந்தியில் விழுந்து கிடந்ததை அவள் மறக்கவில்லை, மறக்காமல்தான் கேட்கிறாள். நீயோ முழுசாகத் திருந்தி, நாலு பேர் முன்னால் நிற்க ஒரு தகுதி வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அந்தத் தகுதியை யார் கொடுப்பது, மஸ்கட்டில் அதற்கு ஆபீஸ் வைத்திருக்கிறார்களா கண்ணு.

போன திருவிருந்தன்று நடந்ததைக் கேள். உன் ஏசுவடியான் சித்தப்பா, உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று தள்ளாடிக்கொண்டு வந்து ஆயர் மேலேயே கை ஓங்கின ஆள், அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. அவர் கோயிலுக்குள் வந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் நேராக என் பக்கத்தில் மண்டியிட்டார். நம் கோயிலில் ரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே பாத்திரம்தான், அவர் வாய் வைத்ததில் நான் வைக்க மாட்டேன் என்று எழப் பார்த்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. அதற்குள் ஆயர் வந்துவிட்டார். கிறிஸ்துவின் இரத்தம், இது உமக்காகச் சிந்தப்பட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னதையே அதே குரலில் என்னிடமும் சொன்னார், ஒரு எழுத்துக்கூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. குடித்தேன். அப்புறமும் எழ முடியாமல் தவித்தேன். "எந்திரீங்க அண்ணி, பின்னால ஆளுக காத்துட்டு இருக்காங்க" என்று சித்தப்பா கை கொடுத்தார். எனக்கு எந்திரிக்கத் தெரியும் என்றேன். "தெரிஞ்சா எந்திரிக்க வேண்டியதுதானுங்களே" என்று சொல்லித் தூக்கியே விட்டார்.

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போனேன். "ஏனுங்கய்யா, இத்தனை வருசமா கோயில் கூட்டறவளுக்கும் இன்னைக்கு வந்த ஆளுக்கும் ஒரே அப்பமுங்களா" என்று கேட்டேன். "நானும் அதைத்தானுங்கம்மா சாப்புடறேன்" என்கிறார். இது ஒரு பதிலா. வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டினேன், பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்துக்கொண்ட புத்தகம், எனக்குச் சாதகமாக ஒரு வசனமாவது இருக்கும் என்று தேடினேன், இல்லை. சித்தப்பாவுக்குக் கதவைச் சாத்தச் சொன்னால் அதே கதவுக்கு வெளியேதான் நீயும் நிற்க வேண்டும், உன்னை விட்டுவிட்டு நான் உள்ளே போய் என்ன செய்ய. அந்த ஆளுக்குச் சும்மா கிடைத்ததில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாமி அதற்கு விலை வைத்திருந்தால் நம் வீட்டில் ஒருத்தருக்கும் கட்டுப்படியாகியிருக்காது. திருந்திவிட்டு வருகிறேன் என்பது குளித்துவிட்டு ஆற்றுக்குப் போகிறேன் என்பது போல இருக்கிறது. அழுக்கோடு வா, அதற்குத்தான் கூப்பிடுகிறார்.

மத்தியானம் வெயிலில் நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிறை மறந்துவிடாதே. கிராதியில் என் இடது பக்கம் சித்தப்பா வந்து மண்டியிடுவார், தடுக்க முடியாது, வலது பக்கத்தை உனக்கு வைத்திருக்கிறேன். மறுபடியும் முழங்கால் பிடித்துக்கொண்டால் அவர் கையைப் பிடித்து எழ எனக்கு இஷ்டமில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா சாந்தாமணி