முதுகு காட்டும் வாத்துகள்

கானவாகே
14 அக்டோபர் 1991

யோவனாசிக்கு,

'அன்புள்ள' என்று எழுத வரவில்லை. பேனாவுக்கும் ரோஷம் உண்டு. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நலமில்லாமல் போயிருந்தால் உன் தம்பி ஆடமீ இதற்குள் நம் பெண் எலிசாபிக்குப் போன் போட்டு ஊரைக் கூட்டியிருப்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். மான்ட்ரியலில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். வரும் வசந்தத்தில் உங்கள் இனுயிட் ஜனங்களின் கல் அச்சுப் படங்களையும் எங்கள் மோஹாக் பெண்களின் பாசிமணி வேலைகளையும் ஒரே கூடத்தில் வைக்கப் போகிறார்களாம். உன்னுடைய 'திரும்பிப் பார்க்கும் வாத்து' அவர்களிடம் இருக்கிறது. நான் கறுப்பு வெல்வெட்டில் தைத்த வாத்தும் யார் யார் கையோ மாறி அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுவார்களாம். பெயர் அட்டையில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "அச்சுப்படம்: யோவனாசி. பாசிமணி: படத்தைப் பார்த்து அவருடைய மனைவி தைத்தது."

படத்தைப் பார்த்து! உங்கள் ஊரில் நாம் குடியிருந்தபோது அந்த வாத்தை நான் காகிதத்தில் வரைந்து வெட்டி வைத்தேன். அப்போது நீ கல்லைத் தொடக்கூட இல்லை. என் தையல் கூடையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போய்க் கல்லில் இறக்கி, கீழே உன் பெயரைப் போட்டுக்கொண்டாய். அதற்காகத்தான் இங்கே வந்த பிறகு உன் துணிமூட்டையை என் வாசலுக்கு வெளியே வைத்தேன். ஊருக்கே தெரிந்த கதை. அருங்காட்சியகத்துக்கு மட்டும் தெரியவில்லை.

உங்கள் ஊர்ப் படத்தில் வரைந்தவர் பெயர், செதுக்கியவர் பெயர், சிவப்பு முத்திரை எல்லாம் இருக்கும். எங்கள் வேலையில் ஊசி போன தடம் மட்டும்தான். ஆகவே நீ சொன்னால்தான் நம்புவார்களாம். வாத்தை வரைந்தது கவென்னஹேரே என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடு. வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

எலிசாபிக்கு மார்ச்சில் பிரசவம். அவள் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

கவென்னஹேரே


பாஃபின் தீவு
20 நவம்பர் 1991

கவென்னாவுக்கு,

புயலில் விமானம் இறங்காமல் உன் கடிதம் பல நாள் வழியிலேயே கிடந்தது. அப்படியே கிடந்திருக்கலாம்.

என் அம்மா எப்படி இருக்கிறாள்? நீ அவளை மகள் என்று சொல்லிக்கொள். செத்துப்போன என் தாயின் பெயரைத் தாங்கி வந்தவள் எனக்கு அம்மாதான். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். குளிரில் வெறுந்தலையோடு திரிய வேண்டாம் என்று சொல். இனி உன் வழக்குக்கு வருகிறேன்.

வாத்தை நீ வரைந்தாயா? கானவாகேயில் உட்கார்ந்துகொண்டு நீ பார்த்ததெல்லாம் ஆகாயத்தில் பறக்கிற வாத்துதான். கூட்டில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிச் சிறகு கோதுகிற வாத்தை உனக்கு யார் காட்டியது? பனிவண்டியில் உன்னை ஏற்றிக்கொண்டு, "குளுருது, வீட்டுக்குப் போலாம், குளுருது" என்று வழி முழுக்க நீ படுத்திய பாட்டைப் பொறுத்துக்கொண்டு, கரைக்கு அழைத்துப் போனவன் நான். பார்த்தது என் கண், வெட்டியது உன் கத்தரிக்கோல். இதில் யார் திருடன்?

சாட்சி வேறு கேட்கிறார்களா? அச்சு முடிந்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அந்தக் கல்மேல் எத்தனையோ மீனும் கரடியும் ஏறி இறங்கியாயிற்று. உன் வெட்டுக் காகிதமோ மணிகளுக்கு அடியில் வைத்துத் தைத்தபடி கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் வாத்தையே பிரிக்க வேண்டும். பிரித்துக் காட்டு, பிறகு எழுதுகிறேன்.

மூட்டையை வெளியே வைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். அன்று மழை பெய்துகொண்டிருந்தது என்பதை விட்டுவிட்டாயே. என் உளிகள் அத்தனையும் துருப்பிடித்துப் போயின.

யோவனாசி


கானவாகே
12 டிசம்பர் 1991

மதிப்புக்குரிய யோவனாசி ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் வாத்தைப் பிரிக்கச் சொன்ன தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. பிரிக்கவே வேண்டியதில்லை, தாங்களே மாட்டிக்கொண்டீர்கள்.

நேற்று எலிசாபியோடு அருங்காட்சியகத்துக்குப் போனேன். என் வாத்தை நான் தொடுவதற்குக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டுமாம். சோளக் கஞ்சி கிளறிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தைத்த வாத்து அது! அருங்காட்சியகத்துப் பெண், என் வாத்தின் காலில் இருக்கிற ஒற்றைச் சிவப்பு மணியைக் காட்டிக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இத வேணும்னே தப்பா வெச்சிருக்கீங்க, இல்லையா? மனுஷன் செய்யறது எதுவும் முழுமையில்லன்னு காட்டறதுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. மஞ்ச மணி தீந்துபோச்சு. அடுத்த விமானம் எப்ப வரும்னு யாருக்கும் தெரியல."

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடிவிட்டாள். எலிசாபி சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று.

பிறகு உன் படத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டையும் நான் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. உன் படத்தைக் கடை ஜன்னலில் பார்த்த அன்றே முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். நேற்றுத்தான் நிதானமாகப் பார்த்தேன். என் வாத்து வலப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. உன் வாத்து இடப் பக்கம். கண்ணாடியில் பார்ப்பது போல.

கல்லில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும் என்று அச்சுக்கூடத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அதனால்தான் வரைந்ததைக் குப்புறப் போட்டுக் கல்லில் இறக்குவீர்கள். நீ அதை ஒரு நாளும் மறந்ததில்லை. என் காகிதத்தை மட்டும், நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் கூடையில் திருப்பி வைக்க வேண்டுமே என்ற திருட்டு அவசரத்தில் நேராகவே இறக்கியிருக்கிறாய். உன் படத்தைப் பார்த்து நான் தைத்திருந்தால் என் வாத்தும் உன்னுடையது போல இடப் பக்கம்தானே பார்த்திருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே. எழுதிக் கொடு.

பிள்ளைக்கு வைக்க எங்கள் குலத்தாய் ஒரு பெயர் பார்த்து வைத்திருக்கிறாள். கரடிக் குலத்தில் இப்போது உயிரோடிருக்கும் யாரும் தாங்காத பெயர். உன் பக்கத்துப் பெயர் எதுவும் இந்தத் தடவை வேண்டாம் என்று எலிசாபியிடம் சொல்லிவிட்டேன்.

கவென்னஹேரே


பாஃபின் தீவு
8 ஜனவரி 1992

கவென்னா,

ஐயா, அவர்கள் என்றெல்லாம் எழுதாதே. உன் கோபத்தை நேராகவே வாங்கிப் பழகியவன் நான்.

ஆமாம், குப்புறப் போடவில்லை. போதுமா? கோடு தெரிவதற்காகக் கல்லில் வெள்ளை பூசியிருந்தது, ஈரம் காயவில்லை. காகிதத்தின் முகத்தில் கறை ஒட்டினால் தைக்கும்போது உன் கண்ணில் படும். முதுகில் ஒட்டினால் வெல்வெட்டோடு மறைந்துவிடும். அவ்வளவுதான். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

உன் பெயரை நான் சொல்லாமலா இருந்தேன்? அந்த வருஷம் எங்கள் ஊரில் விற்பனைக்குப் படம் பொறுக்க உட்கார்ந்தவர்களிடம் சொன்னேன். "தெக்கத்திக்காரி வரஞ்சத நம்ம படம்னு எப்படிப்பா விக்கிறது? ஓம் பேரப் போடு, இல்லன்னா எடுத்துட்டுப் போ" என்றார்கள். என் பேரைப் போட்டேன். இதைச் சொல்லத்தான் கானவாகேயில் உன் வாசலில் நின்று வாயைத் திறந்தேன். நீ கதவைச் சாத்திவிட்டாய். மூட்டை வெளியே வந்த பிறகு எங்கள் ஊர்க்காரன் எவனும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க மாட்டான்.

இப்போது வந்து எழுதிக் கொடு என்கிறாய். இங்கே எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாத்துதான். தபால் கொண்டு வருகிறவன்கூட "வாத்துக்காரரே" என்றுதான் கூப்பிடுகிறான். அதையும் பிடுங்கிக்கொண்டு போனால் நான் யார்? எழுத மாட்டேன்.

ஒன்று வேண்டுமானால் செய்யச் சொல். இரண்டையும் முதுகுக்கு முதுகாக மாட்டட்டும். உன் வாத்தின் பார்வை என் வாத்தின்மேல் பட வேண்டாம்.

பிள்ளைக்கு என் பெயர் வந்துவிடுமோ என்று பயப்படாதே. போனவர்களின் பெயரைத்தான் நாங்கள் வைப்போம். கல் தூசி தின்ற நெஞ்சு, இருமல் விடுவதாக இல்லை. ஆனாலும் உன்னை வம்பில் மாட்டிவிடச் சாகிற உத்தேசம் எனக்கு இல்லை.

யோவனாசி


கானவாகே
27 ஜனவரி 1992

யோவனாசிக்கு,

முதுகுக்கு முதுகாக மாட்டச் சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாம் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

தெக்கத்திக்காரி என்று அவர்கள் சொன்னதைப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தபாலில் சொல்கிறாய். படித்த கோபத்தில் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். கதவைச் சாத்தினால் ஜன்னல் இல்லையா? அதே வீட்டில் ஆறு ஜன்னல் இருக்கிறது. கத்தியிருக்கலாமே!

வாத்துக்காரர் பட்டத்தை நீயே கட்டிக்கொண்டு அழு. இனி உன்னிடம் கேட்க மாட்டேன்.

டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டு. அக்கறையில் சொல்லவில்லை. பிரசவ நேரத்தில் எலிசாபி உன்னை நினைத்து அழுதுகொண்டிருக்கக் கூடாது.

கவென்னஹேரே


பாஃபின் தீவு
16 பிப்ரவரி 1992

கவென்னா,

டாக்டர் விமானத்தில் வந்தார், பார்த்தார், போய்விட்டார். மான்ட்ரியல் ஆஸ்பத்திரிக்கு வா என்றார். அந்தப் பக்கம் ஒரு தடவை வந்து பட்டது போதும் என்று சொல்லிவிட்டேன்.

அருங்காட்சியகத்துக்கு எழுத மாட்டேன். கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ மறுபடியும் கேட்பாய் என்று தெரியும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

மஞ்சள் மணி தீர்ந்துபோன கதையைச் சொல்லிச் சிரித்தாயே, "செவப்ப வையி, யாரு பாக்கப் போறா" என்று அந்த மணியை எடுத்துக் கொடுத்தது யார் என்று சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

என் அம்மாவுக்கு வலி எடுத்ததும் ஆடமீக்குப் போன் பண்ணச் சொல்.

யோவனாசி


கானவாகே
12 ஏப்ரல் 1992

யோவனாசிக்கு,

இந்தக் கடிதத்துக்கு முகவரி எழுதவில்லை. நீ அடுத்த அறையில்தான் தொட்டிலில் கிடக்கிறாய்.

மார்ச்சில் ஒரு காலையில் ஆடமீ போன் செய்தான். "அண்ணி, அண்ணன் போயிட்டாரு" என்றான். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்று முழுக்கப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்திருந்த பாத்திரத்தையும் எடுத்துக் கழுவினேன். அந்த வாரமே எலிசாபிக்கு வலி எடுத்தது. ஆண் பிள்ளை. குலத்தாய் பார்த்து வைத்த பெயரையும் வைத்தோம். ஆனால் வீட்டில் கூப்பிட எலிசாபி வைத்த பெயர் யோவனாசி. நான் கூடவே கூடாது என்றேன்.

"அப்பா திரும்பி வந்திருக்காரும்மா. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லேன்" என்றாள். நான் சொல்லவில்லை. அவள் கணவன் நியூயார்க்கில் இரும்பு வேலையிலிருந்து ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்கிறான். எல்லோரும் உன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

ஆடமீ தினமும் போன் போடுகிறான்.

"அண்ணி, அண்ணன் பால் குடிச்சாரா?"

"குடிச்சிட்டு என் வெல்வெட்டு மேல கக்கிட்டாரு."

"உங்க மேல கோவம் போல."

"எனக்கு மட்டும் இல்லையா?"

நேற்று கண்காட்சியைத் திறந்தார்கள். கூட்டம் ஒதுங்கும்வரை காத்திருந்து அட்டையைப் படித்தேன். உன் படத்தின் கீழே, "வரைந்தவர்: கவென்னஹேரே. கல்லில் செதுக்கியவர்: யோவனாசி." என் வாத்தின் கீழே என் பெயர் மட்டும். மனைவி என்கிற வார்த்தையே இல்லை. அருங்காட்சியகத்துப் பெண் ஆச்சரியப்பட்டாள். "ஜனவரிலயே அவர் எழுதி அனுப்பிட்டாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

ஜனவரி! எழுதிப் போட்டுவிட்டு, எழுத மாட்டேன் என்று பிப்ரவரியில் எனக்கு ஒரு கடிதம். அடப் பாவி. உன் பெயரை அத்தனை பேருக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டு, அதற்காக நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று வழியையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அங்கேயே நின்று அழுதேன். பாதி கோபம். மீதி நீ இல்லையே என்றுதான்.

இரண்டு வாத்தும் சொன்னபடியே முதுகைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. "வேணும்னா எடம் மாத்தி மாட்டிடலாம், ஒண்ணையொண்ணு பாக்கும்" என்றாள் அந்தப் பெண். இப்போது வேண்டாம், அவர் நடத்தையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சிவப்பு மணி யார் கொடுத்தது என்பதை மட்டும் அவளிடம் சொன்னேன்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பெண்களுடையது. கட்டிக்கொண்டு வந்தவனின் மூட்டையை எடுத்து வெளியே வைக்கலாம். மகள் வயிற்றில் பிறந்தவனை ஒன்றும் செய்ய முடியாது. நீ இப்போது கரடிக் குலம், இந்த வீட்டுப் பிள்ளை. உன் துணியை வாசலில் வைக்க இந்த ஊரில் எவளுக்கும் உரிமை கிடையாது, எனக்கும்தான். அதையெல்லாம் யோசித்துத்தான் இந்த வழியாக வந்து சேர்ந்திருக்கிறாய்.

அழ ஆரம்பித்துவிட்டாய். வருகிறேன், இரு.

கவென்னஹேரே