கயிறு கட்டும் பூட்ஸ்

ஐப்பசி 14, செவ்வாய்.

போன மாசம் மோட்டார் சைக்கிள் சறுக்கி, சூடான புகைக்குழாய் என் கணுக்காலைப் பொசுக்கிவிட்டது. அதனால்தான் திருச்சியில் இரண்டு ஜோடி பூட்ஸ் போட்டுப் பார்த்து, குட்டையானது சுகமாக இருந்தும், முழங்கால்வரை கயிறு கட்டும் கனத்த ஜோடியை வாங்கினேன். டாக்டருக்குக் கால் முக்கியமில்லையா?

இன்று நார்த்தாமலையிலிருந்து ஆள் வந்தது. ஒரு குழந்தைக்குக் காலையிலிருந்து வலிப்பாம். மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனேன். வாசலில் அதன் தாத்தா, "பூட்ஸைக் கழட்டிட்டு வாங்கய்யா, உள்ள சாமி இருக்கு" என்றார். உட்கார்ந்து அவிழ்த்தேன். இடது காலில் கயிறு முடிச்சு விழுந்துகொண்டது. அதோடு மல்லாடும்போதே உள்ளே ஓலம் கேட்டது. ஒற்றை பூட்ஸோடு ஓடினேன். குழந்தை போய்விட்டது.

உடனே உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்குமா? நான் போய்ச் சேர்ந்தபோதே கைமீறியிருக்குமா? எனக்கே தெரியவில்லை. கழட்டாமல் நுழைந்திருந்தால் யார் என்னைத் தடுத்திருப்பார்கள்?

புறப்படும்போது குழந்தையின் அப்பா என் காலடியில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினார். "வேண்டாம், நானே கட்டிக்கிறேன்" என்றேன். கேட்கவில்லை.

"நல்லா இறுக்கிக் கட்டிக்கங்கய்யா. ரோடெல்லாம் கல்லு. கால் பத்திரம்" என்றார்.

அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? முகத்தை நிமிர்த்தவே இல்லை அவர்.