செயலாளர் மகளின் ஜலதோஷம்

புதன்கிழமை, இரவு

கிழக்கேகோட்டையில் பஸ் மாறி வீடு வந்து சேர்ந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. ஊரெல்லாம், குளத்துத் தண்ணீரிலிருந்து மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா காய்ச்சல் பயம். குளோரின் அளவு பார்க்காமல் பிள்ளைகளை நீச்சல் குளத்தில் இறக்கக் கூடாது என்று சுகாதாரத் துறை சொல்லிப் பத்து நாளாகிறது. எங்கள் கிளப் செயலாளர் குளோரின் வாங்கவில்லை. 'என்ன நடந்தாலும் பொறுப்பு பெற்றோராகிய எங்களுடையது' என்று ஒரு தாளை அச்சடித்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார். வரப்போகிற நீச்சல் போட்டியிலிருந்து பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவாரோ என்று பயந்து எல்லோரும் போட்டுத் தந்தார்கள். கூசாமல் வாங்கி வைத்தது நீச்சல் சொல்லிக்கொடுக்கிற நான்தான்.

இன்று மாலை எண்ணிப் பார்த்தேன். ஒரு தாள் குறைந்தது. அவர் மகளுடையது.

அவரிடமே கேட்டேன்.

"அவளுக்கு ஜலதோஷமாக்கும் டீச்சரே. ரெண்டு வாரம் தண்ணியில இறக்கண்டாம். மத்த பிள்ளைகளை நாளைக்குக் காலையில இறக்குங்க, ஒண்ணும் பயப்படண்டாம்."

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

குளத்துக் கேட்டின் சாவி என் பையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அவர் வந்து பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். கேட்டால், முப்பது பிள்ளைகளுக்கும் ஜலதோஷம் என்று சொல்வேன்.